தம்பிக்கு ஐடிஐயா, இன்ஜினியரிங்கா? லோன்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நான் போட்ட கணக்கு



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னுதான் பேசுவோம். இந்த வாரம் எங்க வீட்டுக் கதை. நம்மள்ல நிறைய பேர் வீட்டுலயும் இதே கதை நடந்திருக்கும், இல்லைன்னா சீக்கிரம் நடக்கப் போகுது.

போன வருஷம் தம்பியோட பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் அம்மா போன் பண்ணாங்க. "காலேஜ்ல பேசிட்டோம்டா. நாலு லட்சம் லோன் போடணும். அப்பாவுக்கு வருமானம் இல்லைங்கறதால பேங்க்ல உன் கையெழுத்து கேட்கிறாங்க. சனிக்கிழமை வந்துட்டுப் போ."

சரின்னு சொல்லிட்டேன். ராத்திரி தம்பிகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "அண்ணா, எனக்கு இன்ஜினியரிங் வேணாம். நான் ஐடிஐ போறேன். அம்மாகிட்ட நீயே சொல்லு, ப்ளீஸ்."

அம்மாகிட்ட சொன்னேன். பத்து செகண்ட் பேச்சே இல்லை. அப்புறம், "பன்னெண்டாவது வரைக்கும் படிச்சுட்டு ஸ்பேனர் பிடிக்கப் போறானா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட இஎம்ஐ கட்டப் போறதில்லை, நான்தான் கட்டணும். அதனால சனிக்கிழமை ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல்ல, அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

கல்விக் கடன்ல கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டா, அது உங்க கடனும்தான். தம்பிக்கு வேலை கிடைக்கலைன்னா பேங்க் உங்களைத்தான் கூப்பிடும். ரெண்டு இஎம்ஐ தவறினா உங்க சிபில் ஸ்கோரும் இறங்கும். நாளைக்கு நீங்க ஹோம் லோன் கேட்டுப் போறப்போ இந்தக் கடனும் உங்க கணக்குல நிக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்லை. பழைய வரி முறையில கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு. ஆனா அது உங்களுக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, நீங்க சட்டப்படி காப்பாளரா இருக்கிற மாணவருக்கோ எடுத்த கடனுக்குத்தான். தம்பி, தங்கச்சி படிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

கையெழுத்தே போடாதீங்கன்னு நான் சொல்லலை. எதுக்குப் போடுறோம்னு தெரிஞ்சு போடணும், அவ்வளவுதான்.

டிகிரி இருந்தா வேலை உறுதியா?

2024-ல சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில இருக்கிற மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டாங்க. அதுல ஒரு எண் என்னை உலுக்கிடுச்சு. 2022 நிலவரப்படி இந்திய இளைஞர்கள்ல பட்டதாரிகளோட வேலையின்மை 29.1%. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்கள்ல அது 3.4% மட்டும்தான்.

இதைப் பார்த்துட்டு "படிக்காம இருந்தாலே வேலை கிடைச்சிடும்"னு முடிவு கட்டிடாதீங்க. படிக்காதவங்களுக்குக் காத்திருக்க வசதி இல்லை. கிடைச்ச கூலிக்குப் போயிடறாங்க. பட்டதாரி, படிப்புக்கேத்த வேலை வரட்டும்னு வீட்டுல காத்திருக்கான். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கட்டுறது பெரும்பாலும் அப்பா, இல்லைன்னா ஏற்கெனவே வேலைக்குப் போயிட்ட அண்ணனோ அக்காவோ.

இன்னொரு பக்கம், முறையா தொழில் பழகினவங்க நம்ம நாட்டுல ரொம்பக் குறைவு. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கைப்படி 15 முதல் 29 வயசுக்காரங்கள்ல முறையான தொழிற்பயிற்சி பெற்றவங்க 4.4% தான். அப்பாகிட்ட, மேஸ்திரிகிட்ட, பட்டறையில பார்த்துப் பழகினவங்க 16.6%. மீதிப் பேருக்கு எந்தத் தொழிற்பயிற்சியும் இல்லை.

6 வருஷக் கணக்கு

இப்போ நோட்டுல போட்ட கணக்கு. சம்பளத் தொகையெல்லாம் நான் வைச்சுக்கிட்ட அனுமானம். உங்க ஊர் நிலவரத்துக்கு மாத்திப் போட்டுப் பாருங்க.

ஐடிஐ பாதை: ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் மாதிரியான பிரிவுகள் 2 வருஷம். தமிழ்நாட்டு அரசு ஐடிஐல பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாசம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ரூ.1,000 வருது. இந்த ரெண்டு திட்டமும் காலேஜுக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க, ஐடிஐக்கும் உண்டு.

மூணாவது வருஷம் அப்ரண்டிஸ். 2019-ல திருத்தின விதிப்படி ஐடிஐ முடிச்சவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாசம் ரூ.7,000. இதை உயர்த்தணும்னு 2025-ல பரிந்துரை வந்திருக்கு. அதனால சேரும்போது அன்னைக்கு என்ன தொகைன்னு பார்த்துக்குங்க. நான் ரூ.7,000-னே வைச்சேன். ஒரு வருஷத்துக்கு ரூ.84,000. அடுத்த மூணு வருஷம் மாசச் சம்பளம் ரூ.15,000, ரூ.16,500, ரூ.18,000. உதவித்தொகைகளைச் சேர்க்காமலே 6 வருஷத்துல மொத்தம் ரூ.6.78 லட்சம்.

இன்ஜினியரிங் பாதை: 4 வருஷம், கடன் ரூ.4 லட்சம். முடிச்ச உடனே வேலை கிடைச்சுடுதுன்னு நல்லதையே நினைப்போம். அஞ்சாவது வருஷம் மாசம் ரூ.22,000, ஆறாவது வருஷம் ரூ.25,000. மொத்தம் ரூ.5.64 லட்சம். கடன் அசலைக் கழிச்சா ரூ.1.64 லட்சம்.

ஆறாவது வருஷக் கடைசியில ஐடிஐ பையன் சுமார் 5 லட்சம் முன்னாடி இருக்கான்.

சரி, மாசச் சம்பளம்? 25,000-க்கும் 18,000-க்கும் 7,000 வித்தியாசம் இருக்கேன்னு நீங்க கேட்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். 4 லட்சம் கடன், 10% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் ரூ.6,640. படிக்கும்போது ஏறின வட்டியை அப்பவே கட்டிட்டோம்னு வைச்சுத்தான் இந்தத் தொகை. 25,000-ல இதைக் கழிச்சா கைக்கு வர்றது ரூ.18,360. அதாவது கடன் ஓடுற வரைக்கும் ரெண்டு பேர் கையிலயும் கிட்டத்தட்ட ஒரே காசுதான்.

இதை எழுதி முடிச்சதும் "அப்போ ஐடிஐதான்"னு எனக்கே தோணிடுச்சு. நல்லவேளை, அன்னைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணலை. பெரியப்பா பையனுக்குப் பண்ணினேன்.

பெரியப்பா பையன் சொன்னது

எங்க பெரியப்பா பையன் ஃபிட்டர். எனக்கு அண்ணன் முறை. ஐடிஐ முடிச்ச உடனே ஒரு கம்பெனியில "ட்ரெய்னி"ன்னு எடுத்தாங்க. எடுத்தது கம்பெனி இல்லை, கான்ட்ராக்டர். பதினொரு மாசம் லைன்ல பாகங்களை எடுத்து வைக்கிற ஒரே வேலை. ஃபைலைக் கையில எடுக்கலை, வெர்னியரைத் தொடலை. பன்னெண்டாவது மாசம் கேட் பாஸ் புதுப்பிக்கலை. கையில சான்றிதழும் இல்லை, அனுபவக் கடிதமும் இல்லை.

"தம்பி, அந்தப் பதினொரு மாசம் எனக்கு சம்பளம் வந்துச்சு. தொழில் வரலை"ன்னு சொன்னார்.

அதுக்கப்புறம்தான் ஒரு பொதுத்துறை நிறுவனத்துல அப்ரண்டிஸ் அறிவிப்பு பார்த்து விண்ணப்பிச்சு, ஒரு வருஷம் முறையா பழகி, தேர்வு எழுதி, தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கினார். அதை வைச்சுத்தான் இப்போ இருக்கிற வேலை.

"ட்ரெய்னி"ங்கிறதும் "அப்ரண்டிஸ்"ங்கிறதும் காதுல ஒரே மாதிரி விழும். ஆனா 1961-ம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ்னா பதிவு செஞ்ச ஒப்பந்தம் இருக்கணும், எந்தத் தொழில்ல எத்தனை மாசம் பயிற்சின்னு அதுல இருக்கணும், கடைசியில சான்றிதழ் இருக்கணும். 30 பேருக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனங்கள் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில 2.5% முதல் 15% வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லுது. அதனால இடம் இருக்கு. கேட்டு வாங்கணும்.

பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி மாதிரி இடங்கள்ல அப்ரண்டிஸ் அறிவிப்பு வந்துக்கிட்டே இருக்கும். ரயில்வேயில பழகி முடிச்சவங்களுக்கு ரயில்வே லெவல் 1 பணியிடங்கள்ல 20% ஒதுக்கீடு இருக்கு. உதவி லோகோ பைலட் தேர்வுக்கு 10-வதோட உரிய பிரிவுல ஐடிஐ இருந்தாலே விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனியில இதைத்தான் ஊர் வழக்கமாவே வைச்சிருக்காங்க. வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனியில வேலை பழகணும், ஒண்ணு ரெண்டு நாள் தொழிற்பள்ளியில பாடம். அதுக்கு மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு. நம்ம ஐடிஐகள்லயும் "டூயல் சிஸ்டம்"னு பாதி வகுப்பு, பாதி கம்பெனின்னு ஒரு முறை இருக்கு. நீங்க பார்க்கிற ஐடிஐல அது இருக்கான்னு கேளுங்க.

கணக்குல தெரியாத ஓட்டை

பெரியப்பா பையன் போனை வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொன்னார். "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் நான்தான் நம்ம குடும்பத்துல பணக்காரன். முப்பதுக்கு மேல நீங்கள்லாம் தாண்டிட்டீங்க."

அவர் அனுபவத்துல சொன்னதை ஆய்வாளர்களும் கண்டுபிடிச்சிருக்காங்க. பொருளாதார நிபுணர் எரிக் ஹனுஷெக்கும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளோட தரவை வைச்சு 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு இளம் வயசுல வேலை கிடைக்கிற வாய்ப்பு அதிகம். வயசு ஏற ஏற அந்த முன்னிலை குறையுது, பிற்பாடு பொதுக்கல்வி படிச்சவங்க முந்திடறாங்க. ஜெர்மனி, டென்மார்க், சுவிட்சர்லாந்து மாதிரி அப்ரண்டிஸ் முறை வலுவா இருக்கிற நாடுகள்ல இது இன்னும் தெளிவா தெரியுது. காரணம் புரிஞ்சுக்க முடியும். ஒரு மெஷினை நல்லா ஓட்டத் தெரிஞ்சவருக்கு, அந்த மெஷின் போய் வேற வரும்போது சிரமம்.

அதாவது, தொழிற்பயிற்சி சீக்கிரம் கதவைத் திறக்குது. ஆனா உள்ள போய் அதே இடத்துல நின்னுட்டா, பின்னாடி வந்தவங்க தாண்டிப் போயிடுவாங்க. என் ஆறு வருஷக் கணக்கு ஏழாவது வருஷத்தைப் பார்க்கலை.

அப்போ தீர்வு என்ன? முதல் அஞ்சு ஆறு வருஷத்துல கிடைக்கிற அந்த முன்னிலையைச் செலவு பண்ணாம, அடுத்த படிக்கு எடுத்து வைக்கணும். படி இல்லாம இல்லை:

- 2 வருஷ ஐடிஐ முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரடியா இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ.யிலயும் நேரடி இரண்டாம் ஆண்டு. வேலை பார்த்துக்கிட்டே மாலை நேரத்துல பகுதி நேர பி.இ. படிக்கவும் தமிழ்நாட்டுல வழி இருக்கு.
- பயிற்றுநர் ஆகணும்னா ஒரு வருஷப் பயிற்சி இருக்கு. சென்னை கிண்டியில இருக்கிற தேசிய திறன் பயிற்சி நிலையத்துல படிக்கலாம்.
- டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐகளை ரூ.2,877 கோடியில மேம்படுத்தற திட்டம் 2022-ல தொடங்குச்சு. ரோபாட்டிக்ஸ், அட்வான்ஸ்டு சிஎன்சி, மின்வாகன மெக்கானிக் மாதிரிப் பிரிவுகள் வந்திருக்கு. பழைய பிரிவுல படிச்சவங்களும் இந்தப் பக்கம் ஒரு கண் வைக்கணும்.

பிளஸ் டூவுல கணிதம், இயற்பியல், வேதியியல் படிச்சவங்களுக்கு மூணாவது வழியும் உண்டு. ஐடிஐ போகாமலே நேரடியா இரண்டாம் ஆண்டு பாலிடெக்னிக். எங்க வீட்டுல இதைப் பத்தி யாருமே பேசலை. நீங்களாவது பேசுங்க.

சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்த 5 கேள்வி

1. இந்த நிலையத்தோட சான்றிதழ் தேசிய அளவுல செல்லுமா? ஐடிஐன்னா தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கணும். "எங்க சொந்த சர்ட்டிஃபிகேட்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க.
2. வொர்க்‌ஷாப்பைக் காட்டுவீங்களா? மெஷின் மேல தூசி இருக்கா, எண்ணெய் இருக்கான்னு பாருங்க. எண்ணெய் இருந்தா நல்லது.
3. போன வருஷம் முடிச்சவங்க எங்க போனாங்க? கம்பெனி பேரு போதாது. அப்ரண்டிஸா, கான்ட்ராக்டா, நேரடி வேலையான்னு கேளுங்க.
4. எங்க ஊர்ல இருந்து தினமும் போய் வர்ற தூரத்துல இந்தத் தொழிலுக்கு எத்தனை கம்பெனி இருக்கு?
5. இதுக்கு அடுத்த படி என்ன?

ஐடி வேலையில இருந்துக்கிட்டு 80,000 ரூபாய் ஆன்லைன் கோர்ஸை "நோ காஸ்ட் இஎம்ஐ"ல வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும் இதே கேள்விகள்தான். கையில வேலை பழகக் கிடைக்குதா, சான்றிதழை அடுத்த கம்பெனி மதிக்குதா, முடிச்சவங்க எங்க இருக்காங்க? பதில் இல்லைன்னா கார்டை உள்ள வைங்க.

அப்ரண்டிஸ் தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை

தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பழகறவங்களுக்குப் பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தாது. அதனால அந்த ஒரு வருஷத்துக்கு வீட்டுல யாராவது அவங்களையும் சேர்த்து ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்து வைங்க. இது அண்ணன், அக்கா வேலை.

வேலையில சேர்ந்த முதல் நாளே யுஏஎன் எண் கேட்டு வாங்குங்க. கான்ட்ராக்டர் மாறினாலும் அதே எண்தான். கம்பெனி மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவு பண்ணாதீங்க, மாத்திக்குங்க. பிஎஃப் பென்ஷனுக்கு 10 வருஷ சேவை வேணும். 21 வயசுல தொடங்கினவங்க 31-லயே அந்தத் தகுதியை எட்டிடலாம்.

அப்புறம், மாசம் 3,000. 10% வளர்ச்சி கிடைக்கும்னு வைச்சா 10 வருஷத்துல 3.6 லட்சம் போட்டது சுமார் 6.2 லட்சம் ஆகும். மார்க்கெட்ல 10% உறுதி கிடையாது, குறையவும் செய்யலாம். ஆனா சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கினதோட பலனே இந்த வருஷங்கள்தான். அதை முதல் மாசமே பைக் இஎம்ஐக்குக் கொடுத்துடாதீங்க.

சனிக்கிழமை என்ன ஆச்சு?

ஊருக்குப் போனேன். நோட்டை அம்மா முன்னாடி வைச்சேன். 5 லட்சம் வித்தியாசத்தை அம்மா பெருசா எடுத்துக்கலை. "அதுக்கப்புறம் அவன் அப்படியே நின்னுட மாட்டானா?"ன்னு கேட்டாங்க. ஆய்வறிக்கை படிக்காமலே சரியான கேள்வியைக் கேட்டுட்டாங்க.

அதுக்கு நான் வைச்சிருந்த பதில் இதுதான். லோன்ல கையெழுத்து போடலை. அதுக்குப் பதிலா மாசம் ரூ.3,000-க்கு 36 மாசத்துக்கு ஒரு ஆர்டி தொடங்கினேன். ஐடிஐயும் அப்ரண்டிஸும் முடியறப்போ வட்டியோட 1.15 லட்சத்துக்கு மேல இருக்கும். அது தம்பியோட அடுத்த படிப்புக்கு மட்டும். வண்டிக்கு இல்லை, போனுக்கு இல்லை. தம்பிகிட்டயும் ஒரு கண்டிஷன் போட்டேன்: வேலையில சேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள டிப்ளமோவோ அதுக்குச் சமமான அடுத்த கோர்ஸோ சேரணும்.

ஒத்துக்கிட்டான். ஆகஸ்ட்ல அரசு ஐடிஐல சேர்ந்தான். இப்போ லீவுக்குப் போனா வீட்டு மிக்சி, ஃபேன், பக்கத்து வீட்டு மோட்டார்னு எதையாவது பிரிச்சு வைச்சிருக்கான். அம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட "டெக்னிக்கல் படிக்கிறான்"னுதான் சொல்றாங்க. பரவாயில்லை, அதுவும் உண்மைதானே.

உங்க தம்பிக்கு இன்ஜினியரிங்தான் சரின்னு கூட இருக்கலாம். நல்ல கல்லூரி, அவனுக்குப் பிடிச்ச பாடம், தாங்கக்கூடிய கடன்னா தாராளமா கையெழுத்து போடுங்க. ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை நோட்டு எடுத்து உட்காருங்க. முக்கியமா, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எங்க வீட்டுல அந்த வாய்ஸ் மெசேஜ் வரலைன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

இந்த 6 வருஷக் கணக்கை உங்க எண்களை வைச்சு எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல ஒவ்வொரு வரியா காட்டியிருக்கேன். வீட்டுல பிளஸ் டூ படிக்கிறவங்க இருந்தா அவங்களோட சேர்ந்து பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.